கோஃப் வில்லையில் கடத்துவது லித்தியமா, மிச்சக் கரைப்பானா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நுண்துளை எழுதியது:
தென்கொரியாவில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். எனக்கு முன்பிருந்தவர் விட்டுச்சென்ற சிவப்புத் தூள். லித்தியம் ஏற்றிய சல்ஃபோனேட் கோஃப் (COF: கரிம மூலக்கூறுகளைச் சகப்பிணைப்பால் கோத்த நுண்துளை வலைப்பின்னல்). மின்கலத்தில் லித்தியம் அயனியைக் கடத்தும் திண்ம மின்பகுளியாகுமா என்று பார்க்கிறோம். வில்லையாக அழுத்தி, இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து மின்மறுப்பு அளந்தேன். அறை வெப்பநிலையில் கடத்துதிறன் 10⁻⁴ சீமென்ஸ்/செ.மீ. குழுவே மகிழ்ந்தது. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. குளோவ் பாக்ஸில் (காற்றும் ஈரமும் புகாத பெட்டி) வில்லையை இடுக்கியால் தூக்கியபோது, அது கிடந்த அலுமினியத் தாளில் வட்டமாக ஓர் ஈர மினுமினுப்பு இருந்தது. அதே வில்லையை வெற்றிடத்தில் 120 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி மறுபடி அளந்தேன். திரையில் மின்மறுப்பு வரைபடத்தின் அரைவட்டம் விரிந்துகொண்டே போனது; தடை கூடிவிட்டது என்று பொருள். அச்சின் அளவை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் அடங்கவில்லை. கடத்துதிறன் நூறில் ஒரு பங்கு! அப்படியென்றால் இதுவரை அயனியைக் கடத்தியது துளைச் சுவரா, துளைக்குள் தங்கிய டிஎம்எஃப் என்ற கரைப்பானா? யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

செங்கல்தூள் எழுதியது:
கரைப்பான் இருப்பதையே குற்றம்போல் எழுதுகிறீர்கள், அதை ஏற்க மாட்டேன். எதிர்மின் அயனி (இங்கே சல்ஃபோனேட்) சுவரோடு பிணைந்திருந்தால், துளைக்குள் கொஞ்சம் கரைப்பான் இருந்தாலும் மின்னோட்டத்தைச் சுமப்பது பெரும்பாலும் லித்தியம்தான். வழக்கமான திரவ மின்பகுளியில் லித்தியத்தின் பங்கு பாதியைக்கூட எட்டுவதில்லை. குற்றம் எங்கே என்றால், கரைப்பானை மறைத்துவிட்டு 'முழுத் திண்மம்' என்று தலைப்புப் போடுவதில். நீங்கள் ஒப்பிட வேண்டியது 2019-இல் கொரியக் குழு ஒன்று கரைப்பானின்றிக் காட்டிய எண்ணோடு: 2.7×10⁻⁵ சீமென்ஸ்/செ.மீ., மின்னோட்டத்தில் லித்தியத்தின் பங்கு 0.9.

என் கதை சிறியது. ஆய்வுக் கூட்டம் ஒன்றில் ஒருவர் எழுந்து, "எடையிழப்பு வளைவு எங்கே?" என்று கேட்டார். (சூடாக்கச் சூடாக்க எடை எவ்வளவு குறைகிறது என்ற வளைவு; மிச்சக் கரைப்பானை அது காட்டிக்கொடுக்கும்.) மேடையில் இருந்தவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்த மௌனம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தும் சொல்கிறேன். டிஎம்எஃப் 153 டிகிரியில் கொதிக்கும் என்று நம்பி உலர்த்தாதீர்கள், நுண்துளைக்குள் அது அதற்கு மேலும் பிடித்துக்கொள்ளும். உலர்த்துவதற்கு முன்பும் பின்பும் எடையிழப்பு எடுங்கள். இமீன் பிணைப்பாலான கோஃப் என்றால் அமிலத்தில் சிதைத்து என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கரைப்பானை எண்ணிவிடலாம். உங்கள் சிவப்புத் தூள் கீட்டோ-எனமீன் பிணைப்பு வகை போலிருக்கிறது, அமிலத்துக்கு அசையாது. அதற்குத் திண்மநிலை என்எம்ஆர்தான் வழி. உலர்த்தியபின் வில்லை விரிசல் விட்டதா என்று பார்த்தீர்களா? தகட்டோடு தொடர்பு விட்டுப்போனாலும் அரைவட்டம் அப்படித்தான் ஊதும். தங்கம் பூசி, அழுத்தத்தோடு அளந்து பாருங்கள். அதற்குமுன் கரைப்பான்மேல் பழி போடாதீர்கள்.

கருங்கோடு எழுதியது:
இருவரும் கடத்துதிறனிலேயே நிற்கிறீர்கள். என்னை உறுத்துவது வேறு. இருபுறமும் லித்தியம் உலோகம் வைத்து ஓட்டிய கலத்தில் மின்னழுத்தம் சட்டென்று சரிந்தது, குறுக்குச் சுற்று. பிரித்து வில்லையை உடைத்தேன். சிவப்புக்கு நடுவே மயிரிழை அளவு கருங்கோடு, ஒரு முகத்திலிருந்து மறுமுகம்வரை, துகள்கள் ஒட்டிய இடங்களிலேயே வளைந்து வளைந்து போயிருந்தது. துளை ஒரு நானோமீட்டர்தானே, லித்தியம் எப்படி நுழையும் என்பார்கள். அது துளை வழியாக வரவே இல்லை! கிராமுக்கு 3860 மில்லியாம்பியர்-மணி மின்தேக்கும் திறன் என்ற ஆசையால்தான் எல்லோரும் லித்தியம் உலோகத்தைத் தேடி ஓடுகிறோம்; துகள் எல்லையை, அதாவது துகளும் துகளும் ஒட்டும் இடத்தை, யாரும் பேசுவதில்லை. முருகன், தங்கதுரை, வெப்னர் 2007-இல் தந்த கார்னெட் வகைத் திண்ம மின்பகுளி கடினமான செராமிக். அதிலேயே இதே வழியாகப் புகுந்தது. அழுத்திய தூள் எம்மாத்திரம்?

கூண்டு எழுதியது:
அப்படியானால் துகள் எல்லையே இல்லாத படலம் வேண்டும். நுண்துளைக் கரிமக் கூண்டுகள் தனித்தனி மூலக்கூறுகள் (லிவர்பூலில் கூப்பர் குழு 2009-இல் காட்டியது). கோஃப் கரையாது, இவை கரையும். கண்ணாடித் தட்டில் ஊற்றினேன். மாலையில் பார்த்தபோது பளிங்குபோல் இருந்தது. காலையில் வெண்செதில்களாகப் பொரிந்து கிடந்தது. கூண்டு தானே படிகமாகிவிட்டது. பாலிமரோடு கலந்தபிறகுதான் நின்றது. ஆனால் அப்போது கடத்துவது கூண்டா பாலிமரா என்று உங்கள் கேள்வியே என்னிடம் வந்துவிட்டது.

நுண்துளை எழுதியது:
செங்கல்தூள் அண்ணா, வில்லையில் விரிசல் இல்லை, உருப்பெருக்கியில் பார்த்தேன். தங்கம் பூசவில்லை; திங்கட்கிழமை பூசி அளக்கிறேன். கருங்கோடு, எந்த மின்னோட்ட அடர்த்தியில் சரிந்தது? வில்லையின் தடிமன் என்ன?