31 அடி ஆர்வி, 3 வாரப் பயணம்: ரோட்சைடு அசிஸ்டன்ஸ் தனியாக வாங்கத்தான் வேண்டுமா?

பிளேனோ அப்பா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரியில் பழைய கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் சேஸிஸ் மேல் கட்டிய, உள்ளேயே தங்கும் ஆர்வி வண்டி) ஒன்று வாங்கினோம். 2015 மாடல், 31 அடி, ஃபோர்டு இ-450 சேஸிஸ், வி10 எஞ்சின், 38,000 மைல் ஓடியிருக்கிறது. டாலஸைச் சுற்றி ஏரிக்கரைகளில் இரண்டு வார இறுதி தங்கியதோடு சரி, தூரப் பயணம் இன்னும் போகவில்லை.

ஜூனில் 3 வாரம் போகிறோம். அமரில்லோ, அல்புகர்க்கி, ஃபிளாக்ஸ்டாஃப், கிராண்ட் கேன்யன், பேஜ், பிரைஸ் கேன்யன், மோவாப், அங்கிருந்து வீடு. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து வரும் என் அப்பா அம்மா. அப்பாவுக்கு 71 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அதனால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு யோசிக்கிறேன்.

என் முன்னால் மூன்று வழி இருக்கிறது. ஆர்வி இன்சூரன்ஸிலேயே ரோட்சைடு, அதாவது வழியில் வண்டி நின்றுபோனால் ஆளும் லாரியும் அனுப்பும் உதவி, சேர்த்துக்கொள்ளலாம், ஆண்டுக்கு 24 டாலர்தான் கூடும். காருக்காக டிரிபிள் ஏ (அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம்) பிளஸ் அட்டை ஏற்கெனவே வைத்திருக்கிறேன், அதையே நம்பிப் போகலாம். இல்லையென்றால் குட் சாம், கோச்-நெட் மாதிரி ஆர்விக்கென்றே இருக்கும் திட்டம் வாங்கலாம். நான் விசாரித்தபோது 130 டாலரிலிருந்து 270 டாலர் வரை சொன்னார்கள்.

"நல்ல வண்டின்னு பார்த்துத்தானே வாங்கினோம், இப்ப எதுக்கு இன்னொரு 200 டாலர்?" என்று மனைவி கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டன் தம்பி

இன்சூரன்ஸோடு வருவதே போதும் அண்ணா. என் கேம்பர் வேன் பேட்டரி இறங்கியபோது 40 நிமிடத்தில் ஆள் வந்து ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு பைசா செலவில்லை.

அல்புகர்க்கி அக்கா

தம்பி சொல்வது வேனுக்குச் சரி. 31 அடி வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூலை மாதம், ஐ-40 நெடுஞ்சாலையில் ஹோல்புரூக் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தோம். பின்பக்கம் இரட்டைச் சக்கரம் இருக்கிறதல்லவா, அதில் உள்பக்க டயர் வெடித்தது. பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் யாரோ தரைக்கு அடியிலிருந்து உலக்கையால் இடிப்பது போல டம் டம் என்று விடாமல் அடித்தது. வெளிச்சக்கரம் தாங்கியதால் வண்டி சாயவில்லை. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், உரிந்த ரப்பர் பட்டை சுழன்று சுழன்று அடித்ததில் சக்கரத்துக்கு மேலே இருந்த தகடு கிழிந்து, பின்விளக்கு வயர்கள் அறுந்து தொங்குகின்றன. ஷவருக்குக் கீழே தரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஸ்டெப்னி கிடையாது. வாங்கும்போது நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

அப்போது எங்களிடமும் இன்சூரன்ஸ் ரோட்சைடுதான் இருந்தது. போன் செய்தோம், ஒன்றரை மணி நேரத்தில் லாரி வந்தது. கார் ஏற்றுகிற பிளாட்பெட். ஓட்டுநர் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "அம்மா, என்னை 'ஃபோர்டு வேன்' என்று சொல்லி அனுப்பினார்கள். இதை நான் தொடக்கூட முடியாது" என்று வருத்தப்பட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நல்ல மனிதர், போவதற்கு முன் எங்கள் பின்னால் முக்கோணப் பலகைகளைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டுப் போனார். பெரிய லாரி வர இன்னும் நாலு மணி நேரம் ஆயிற்று. ஃபிளாக்ஸ்டாஃப் 90 மைல். இன்சூரன்ஸ் கொடுத்தது 100 டாலர், மீதி 1,150 டாலர் எங்கள் கையிலிருந்து போயிற்று.

காசை விடுங்கள். அந்த வெயிலில் மாமியாரை வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது. ஜெனரேட்டர் போட்டு ஏசி ஓட்டினோம், ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது. பெட்ரோல் கால் டாங்குக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் எடுக்காது, அப்படித்தான் குழாய் வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்குக் கடைசிச் சொட்டு மிஞ்ச வேண்டும் என்பதற்காக. எங்களுக்கு அன்றுதான் அது தெரிந்தது. தயவுசெய்து அரை டாங்குக்குக் கீழே இறக்காதீர்கள்.

அப்பாவின் இன்சுலினுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிற வகை என்றால் ரோட்டோரச் சரிவில் வண்டி சாய்ந்து நிற்கும்போது அதை நெடுநேரம் ஓடவிடக் கூடாது, ஃபிரிட்ஜே கெட்டுவிடும். இன்சுலினுக்குத் தனியாகச் சின்ன ஐஸ் பெட்டி கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஒர்க்‌ஷாப், ஃபீனிக்ஸ்

அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை. 11 வருஷம் டோயிங் கம்பெனியில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த லாரி ஏன் தொடவில்லை என்று விளக்குகிறேன்.

இ-450இன் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு. கார் லாரிக்கு அது தாங்காது. பலகையில் ஏற்றிவிட்டாலும் உயரம் சட்ட வரம்பைத் தாண்டிவிடும், உங்கள் வண்டியே 11 அடிக்கு மேல் இருக்கும். சரி, முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கலாமென்றால் 31 அடி வண்டியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் வால் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கைத் தூக்கினால் வால் ரோட்டில் தேயும். அதோடு பின்சக்கரம் உருள இழுக்க வேண்டுமென்றால் டிரைவ் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு) கழற்றியாக வேண்டும். எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றும். கழற்றாமல் இழுத்தால் டயர் பிரச்சினையோடு போனவர் கியர்பாக்ஸ் பிரச்சினையோடு வீடு திரும்புவார். இதெல்லாம் தெரிந்த ஆளும் அதற்கான லாரியும் ஊருக்கு ஊர் இருக்காது. ஆர்வி திட்டத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணம் அந்த லாரியைத் தேடிப் பிடித்து அனுப்பத்தான்.

பிளேனோ அண்ணா, உங்கள் டிரிபிள் ஏ பிளஸ் காருக்குத்தான். மோட்டார்ஹோமை இழுக்க ஆர்வி என்று தனியாகச் சேர்த்த பிளஸோ பிரீமியரோ வேண்டும். ஆர்வி பிளஸ் என்றால் 100 மைல் வரை இழுப்பார்கள். அந்த அட்டை ஆளுக்குத்தான், வண்டிக்கு அல்ல. உங்கள் பெயரில் மட்டும் இருந்து, நீங்கள் இல்லாதபோது மனைவி ஓட்டி நின்றால் செல்லாது. குட் சாமில் தூரக் கணக்கு இல்லை, பொருத்தமான பக்கத்து ஒர்க்‌ஷாப் எவ்வளவு தூரமோ அதுவரை. கிளம்பும் அன்று காலையில் சேர்ந்துவிட்டுப் போகாதீர்கள். பல திட்டங்களில் சேர்ந்து சில நாள் கழித்துத்தான் முழுப் பலன் தொடங்கும்.

எதை வாங்கினாலும் முதலில் போன் போட்டு, வண்டியின் நீளம், உயரம், எடை, பின்னால் இரட்டைச் சக்கரம், நாலையும் உங்கள் கணக்கில் பதிந்துவிட்டார்களா என்று கேளுங்கள். இழுப்பதற்கு டாலர் வரம்பா, மைல் வரம்பா? முதல் ஒர்க்‌ஷாப் "எங்களால் முடியாது" என்றால் இரண்டாவது இடத்துக்கும் கொண்டுபோவார்களா? மண்ரோட்டில் நின்றால் வருவார்களா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும், மோவாப் பக்கம் அதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பேட்டரி இறங்கிப்போனால் உடனே போன் எடுக்க வேண்டாம். டாஷ்போர்டில் எமர்ஜென்சி ஸ்டார்ட் அல்லது பேட்டரி பூஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் வண்டிக்குள் விளக்கு, ஃபேன் ஓட்டும் தனிப் பேட்டரி எஞ்சினுக்கு உதவும். இந்தப் பொத்தான் தெரியாமல் மூன்று மணி நேரம் காத்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிளேனோ அப்பா

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. படித்ததும் முதல் வேலையாக வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன்.

ஸ்டெப்னி இருக்கிறது, ஆனால் ஜாக்கி இல்லை. டயர்ப் பக்கத்தில் பொறித்திருக்கும் டிஓடி எண்ணின் (டயர் செய்த விவரம் சொல்லும் எண்) கடைசி நாலு இலக்கம் 2217. 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் என்று அர்த்தமாம். டயர்ப் பட்டன் (ரோட்டில் படும் மேடுபள்ளம்) எல்லாம் புதுசு போல இருக்கிறது, ஆனால் உள்பக்க டயரில் டார்ச் அடித்தால் ஓரச்சுவரில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். ஸ்டெப்னி வண்டியோடு வந்ததே, 2014இல் செய்தது.

இன்சூரன்ஸுக்கும் போன் செய்தேன். அக்காவுக்கு ஆனது போலவேதான், ஒரு தடவைக்கு 100 டாலர் வரம்பு. பேசிய பெண் இன்னொன்றும் சொன்னார். ரோட்சைடு அழைப்பும் கிளெய்ம் பட்டியலில் ஒரு வரியாக ஏறுமாம்.

சான் ஹோசே பயணி

எதிர்க்கருத்தும் ஒன்று இருக்கட்டும். 7 வருஷம் ஆர்வி திட்டத்துக்குப் பணம் கட்டினேன், ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இப்போது அந்தப் பணத்தையும் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்து 2,000 டாலர் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். டயர், பெல்ட், ஹோஸ் எல்லாவற்றையும் நேரத்துக்கு மாற்றுகிறேன். பராமரிப்பில் போகும் பணம்தான் உண்மையான காப்பு.

அல்புகர்க்கி அக்கா

பராமரிப்பு பற்றி நீங்கள் சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று என் கையிலும் பணம் இருந்தது சார். யாரைக் கூப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை. என் கணவர் ரோட்டோரத்தில் நின்று 9 கம்பெனிக்குப் போன் போட்டார். "எவ்வளவு நீளம்?" என்று கேட்பார்கள், சொன்னதும் முடியாது என்பார்கள். 7 வருஷமாக வண்டியின் ஒவ்வொரு நட்டும் தெரிந்த உங்களுக்கு அந்தச் சேமிப்புக் கணக்கு சரி. பிப்ரவரியில் வாங்கி, ஜூனில் பெரியவர்களோடு கிளம்புகிறவருக்கு, முதல் வருஷமாவது, அந்தப் போனை வேறு ஒருவர் போட வேண்டும்.

டென்வர்க்காரர்

பிரைஸிலிருந்து மோவாப் போக நெடுஞ்சாலை 89இல் வடக்கே ஏறி ஐ-70 பிடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் நடுவே ஏறத்தாழ 110 மைல் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, ஊரே கிடையாது. நின்று பார்க்கும் இடங்கள் உண்டு, கண்ணைப் பறிக்கும் அழகு, ஆனால் தண்ணீர்கூட நாம்தான் கொண்டுபோக வேண்டும். சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். சிக்னல் இல்லாத இடத்தில் எந்த அட்டையும் வேலை செய்யாது. சலைனாவில் டாங்கை நிரப்பி, ஆளுக்கு ஒரு நாளைக்கான தண்ணீர் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். அவசர எண்ணைச் செல்போனில் மட்டும் வைக்காமல் காகிதத்தில் எழுதி முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் வெயில் தடுப்பில் செருகி வையுங்கள். சாலையில் பார்க்கும் மைல் கல் எண்ணைப் பிள்ளைகளில் ஒருவரைக் குறித்துவரச் சொல்லுங்கள். "எங்கே நிற்கிறீர்கள்?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

நியூ ஜெர்சி வாசகி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் வாடகை வண்டியில் போகிறோம். எங்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

பழைய ஒர்க்‌ஷாப், ஃபீனிக்ஸ்

தனியாக வாங்க வேண்டாம் அம்மா. குரூஸ் அமெரிக்கா போன்ற பெரிய வாடகைக் கம்பெனிகளும், அவுட்டோர்சி, ஆர்விஷேர் மாதிரித் தளங்களும் 24 மணி நேர உதவி எண் கொடுக்கும். டயர் வெடித்தால் செலவு யாருடையது என்று மட்டும் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

பிளேனோ அப்பா

முடிவைச் சொல்லிவிடுகிறேன், என் நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

ஸ்டெப்னியோடு சேர்த்து 7 டயரையும் மாற்றினேன். டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஆறு பேரும் ஏறி, தண்ணீர் நிரப்பி எடை போட்டோம். பின் அச்சு வரம்புக்கு 300 பவுண்டுதான் குறைவு. அம்மா கொண்டுவந்த இரண்டு அரிசி மூட்டையில் ஒன்றை வீட்டிலேயே இறக்கிவிட்டோம். காற்றழுத்தம் அந்த எடைக்கு ஏற்ப, டயர்க் கம்பெனி அட்டவணையைப் பார்த்து வைத்தாயிற்று. பேட்டரி பொத்தான் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இருக்கிறது, மனைவியும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

ஆர்விக்கான தனித் திட்டம் ஒன்றை 160 டாலருக்கு வாங்கிவிட்டோம். தூர வரம்பு இல்லை, மனைவி ஓட்டினாலும் செல்லும். ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்ன நாலு விவரத்தையும் போனில் பதியச் சொன்னேன். அவர்கள் கணக்கில் வண்டி 24 அடி என்று இருந்தது. திருத்தச் சொல்லி, திருத்தியதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கிவிட்டேன். இன்சூரன்ஸ் ரோட்சைடு சேர்க்கவில்லை.

ஜூன் 6 காலை கிளம்புகிறோம். அக்கா, அல்புகர்க்கியில் முதல் நாள் இரவு தங்குகிறோம். அம்மா உங்களுக்கு முறுக்கு சுட்டு வைப்பதாகச் சொல்கிறார்கள்.

அல்புகர்க்கி அக்கா

அம்மா கையால் முறுக்கா, கட்டாயம் வாங்க. எங்கள் வீட்டு வாசலில் 40 அடி இடம் இருக்கிறது, வண்டியை அங்கேயே போடலாம். மின்சாரமும் இழுத்துத் தருகிறேன். ஸ்டெப்னி போல்ட்டைக் கழற்ற முடிகிறதா என்று கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், எங்களுடையது துருப்பிடித்து இறுகியிருந்தது.