அழற்சிக்கு மஞ்சள், புதினா, ஆலிவ்: அவரவர் கண்டது

முழங்கால் தேய்மானத்துக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரை என் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. அதற்கப்புறம்தான் மஞ்சளிலிருந்து எடுக்கிற குர்குமின் மாத்திரை பக்கம் போனேன். மஞ்சள்தூளில் குர்குமின் எடைக்கு 3 சதவீதம் போலத்தான் இருக்கிறது. அதிலும் உள்ளே போனதில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. அதனால்தான் மிளகிலுள்ள பைப்பெரினைச் சேர்த்து விற்கிறார்கள். 1998-இல் வெளிவந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பெரின் கொடுத்தபோது உடலில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியது.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது இருந்த விறைப்பு தளர்ந்தது. படியிறங்கும் வலி அப்படியே இருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது, அழற்சி தணிந்த மட்டுக்கும் லாபம். அதே சமயத்தில் உடல் எடையும் குறைந்தது, ஆகவே எல்லாம் மஞ்சளால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

*

சத்தியம் பண்ணாமல் விட்டீர்களே, நல்லது. ஆய்வகத்தில் மூலிகைப் பொருள்களைச் செல்கள்மேல் விட்டுப் பார்ப்பது என் வேலை. ரோஸ்மேரி, புதினா, துளசி, தைம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். 1958-இல் ரோஸ்மேரியிலிருந்து பிரித்தெடுத்த ரோஸ்மரினிக் அமிலம் இவை எல்லாவற்றிலும் உண்டு. அழற்சியைக் கிளப்பிவிட்ட செல்லில் அதை விட்டால், அழற்சியைத் தூண்டும் காக்ஸ்-2 என்ற நொதி குறைவதை அழகாக வரைபடத்தில் காட்டலாம். ஆனால் நாங்கள் விடும் அளவு, ஒரு கை புதினா தின்றவரின் இரத்தத்தில் ஓடுவதைவிட எத்தனையோ மடங்கு.

குர்குமின் இன்னும் ஏய்ப்பது. ஒருமுறை சோதனைத் தட்டில் செல்லே போடாத குழியும் கருவியில் பளிச்சென்று ஒளிர்ந்தது. குர்குமினுக்குத் தானாகவே ஒளிரும் குணம் உண்டு, கருவி அதையும் பலன் கணக்கில் சேர்த்துவிடும். இப்படிப்பட்ட பொய்ப் பலன்களை அலசி வேதியியலாளர்கள் 2017-இல் நீண்ட கட்டுரையே எழுதினார்கள்.

*

மூலிகை இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயை வெறுமனே விழுங்கினால் தொண்டையின் பின்பக்கம் சுரீரென்று காந்தி இருமல் வரும். வலி மருந்தான இபுபுரூஃபன் சிரப்பும் அதே இடத்தில்தான் காந்துகிறது, நானே இரண்டையும் விழுங்கிப் பார்த்திருக்கிறேன். கேரி பியூச்சாம்ப் என்ற ஆய்வாளர் சிசிலியில் எண்ணெயைச் சுவைத்தபோது இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டார். காரணமான பொருளுக்கு ஒலியோகாந்தல் என்று பெயர். இரண்டுமே காக்ஸ் நொதிகளைத் தடுப்பவை என்று அவருடைய குழு 2005-இல் நேச்சர் இதழில் எழுதியது. உடனே பாட்டிலைத் திறக்க வேண்டாம்: 50 கிராம் எண்ணெய், வலிக்குச் சாப்பிடும் இபுபுரூஃபனில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் சமம்.

*

மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வாங்க வந்த பெரியவர் கூடவே குர்குமின் மாத்திரையும் எடுத்து வைத்தார். "டாக்டரிடம் சொன்னீர்களா ஐயா?" என்றேன். "இயற்கைதானேம்மா, இதையெல்லாமா சொல்வார்கள்?" என்றார். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குக் குர்குமினும் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடலாம். டாக்டரைக் கேட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று தனியே எடுத்து வைத்தேன். அவர் அதற்குத் திரும்பி வரவில்லை.

முதலில் எழுதியவரே, உங்கள் மாத்திரையில் பைப்பெரின் இருக்கிறதா? அப்படிச் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. கடைசியாக எப்போது கல்லீரல் பரிசோதனை செய்தீர்கள்?