செக்ரோல் ஸ்கிரீன்ஷாட் மங்கலா வருது, அவசரம்

கிராணி_தம்பி:
வணக்கம். எங்க தோட்டத்து ஆபீஸ்ல புதுசா வர்ற கிராணிங்களுக்கு (குமாஸ்தாங்க) செக்ரோல், அதான் ஆளுங்க வேலைக்கு வந்த நாள், சம்பளக் கணக்குப் பதிவு, அத கம்ப்யூட்டர்ல எப்படி கீ இன் பண்றதுன்னு ஒரு கையேடு செய்யச் சொல்லிட்டாரு மேனேஜர், திங்கக்கெழம வேணுமாம். ஸ்கிரீன்ஷாட்லாம் போட்டுட்டேன் ஆனா பெஸ்தாரி ஜெயா டவுன்ல போட்டோஸ்டேட் கடையில பிரிண்ட் எடுத்தா எழுத்தெல்லாம் கரைஞ்சாப்ல இருக்கு, 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியல. சீக்கிரம் சொல்லுங்க லா.

மில்லு_பையன்:
போன்ல புடிச்சதா கம்ப்யூட்டர்லயா? எதுல ஒட்டுனீங்க? ஒன்னுமே சொல்லலயே அண்ணே.

ரவாங்_ராஜா:
டிபிஐ (இஞ்சுக்கு எத்தன புள்ளி) பிரச்சினதான். 96ல இருக்கும், 300ன்னு மாத்துங்க, முடிஞ்சுது.

பிக்சல்_மாமா:
ராஜா, இத எத்தன தடவதான் சொல்றது, பழச தேடிப் படிக்கிற பழக்கம் இங்க யாருக்கும் இல்ல. 1366 பிக்சல் திரைய தாள்ல 16 செ.மீ. அகலத்துக்கு வச்சா இஞ்சுக்கு 217 பிக்சல்தான், 300ன்னு எழுதிட்டா புதுசா பிக்சல் மொளைக்குமா? ஜேபெக்ல சேவ் பண்ணியிருப்பாரு, அது எழுத்த கரைக்கும், பிஎன்ஜில பண்ணணும். அடிப்படை.

கிராணி_தம்பி:
கம்ப்யூட்டர்தான், விண்டோஸ் ஷிப்ட் எஸ் மூணு கீயையும் அழுத்தி எடுத்தேன். வேர்டுல ஒட்டுனேன். பிஎன்ஜிதான் மாமா.

டைப்பிங்_அக்கா:
வேர்டு சும்மா இருக்காது தம்பி, சேவ் பண்றப்ப படத்த 220 பிபிஐக்கு (இஞ்சுக்கு 220 பிக்சல்) சுருக்கிடும். 1920 பிக்சல் படத்த 8 செ.மீ.க்கு சின்னதாக்கி சேவ் பண்ணா உள்ள 690 சொச்சம்தான் மிஞ்சும், அப்புறம் நீ இழுத்துப் பெருசாக்குனா மங்காம என்னா செய்யும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டுக்குப் போயி படத்த சுருக்காதேங்கற எடத்துல டிக் போடு. போட்டப்புறம் எல்லாப் படத்தையும் திரும்ப நுழைக்கணும், சுருங்குனது சுருங்குனதுதான்.

ரவாங்_ராஜா:
எதுக்கு இந்தப் பாடு, வீடியோ எடுத்து வாட்சப் குரூப்ல போட்டுடுங்க.

காப்பிக்கட_சித்தப்பா:
நீ வேற. எங்க தோட்டத்து டிவிஷன் ஆபீஸ்ல மழ வந்தா இண்டர்நெட் லைனே இருக்காது. ஒரு கையில புக்க வச்சிகிட்டு ஒரு கையில வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாப்பானா?

ரவாங்_ராஜா:
இந்தக் காலத்துப் பசங்க கையேடெல்லாம் படிக்க மாட்டாங்க சித்தப்பா.

காப்பிக்கட_சித்தப்பா:
ஒருத்தர் சம்பளத்துல ரெண்டு நாள் பேர் பதியாம விட்டுப் போச்சுன்னு வையி, மறுநா ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பாங்க. அப்ப தானா படிப்பான்.

டைப்பிங்_அக்கா:
சண்ட போதும். தம்பி, படத்துல ஆளுங்க ஐசி (அடையாள அட்டை) நம்பர், பாஸ்போர்ட் நம்பர் தெரியுதா? வேர்டுல மேல கட்டம் போட்டு மறைக்காத, கட்டத்த நவுத்துனா அடியில அப்படியே இருக்கும். பெயின்ட்ல கருப்படிச்சு சேவ் பண்ணிட்டு ஒட்டு.

மில்லு_பையன்:
அண்ணே, திரையிலயே அந்த சாப்ட்வேர் எழுத்து மங்கலா? பக்கத்துல ப்ரவுசர் தொறந்து பாருங்க. டிஸ்ப்ளே ஸ்கேல், அதான் திரையில எழுத்த எவ்ளோ பெருசா காட்டுதுங்கற செட்டிங், எத்தன?

கிராணி_தம்பி:
ஆமாவே, ப்ரவுசர் நல்லா இருக்கு இது மட்டும் மங்கல். ஸ்கேல் 125%.

மில்லு_பையன்:
புடிச்சாச்சு. பழைய சாப்ட்வேர் 100%க்கு செஞ்சது, விண்டோஸ் அத அப்படியே இழுத்து 125க்குப் பெருசாக்குது. திரையே மங்கல்னா பிஎன்ஜி என்னா பண்ணும்? ஐகான்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ், கீழ் டிக்கப் போட்டு அப்ளிகேஷன்னு வைங்க, சாப்ட்வேர மூடித் தொறங்க. எழுத்து கொஞ்சம் சின்னதாகும், அதனால முழுத் திரைய எடுக்காம ஆல்ட் பிரிண்ட் ஸ்கிரீன்ல அந்த ஜன்னல மட்டும் எடுங்க. அக்கா சொன்ன டிக்கும் வேணும்.

பிக்சல்_மாமா:
அதத்தான் நான் முதல்லயே சொல்ல வந்தேன்.

மில்லு_பையன்:
சரி மாமா.

கிராணி_தம்பி:
ஓகே இப்ப படிக்க முடியுது. நன்றி, கட மூடறதுக்குள்ள பிரிண்ட் பண்ண ஓடுறேன்.

காப்பிக்கட_சித்தப்பா:
எதுல சரியாச்சு தம்பி, வேர்டு டிக்கா ஸ்கேலா? சொல்லிட்டுப் போ லா, எங்க ஆபீஸ்லயும் அதே சாப்ட்வேர்தான்.