சாவியின்றிப் பூட்டைத் திறக்கப் பழகிய அனுபவம்

புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் பூட்டுக்குள் துழாவும் ஊசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் முறுக்குக் கம்பியைப் பிடித்திருக்கும் மற்றொரு கையில்தான் பெரும்பாலான வேலை நடக்கிறது என்பதை எங்கள் தெருமுனைச் சாவிக் கடைக்காரரிடம் நான் கண்கூடாகப் பார்த்தேன். மாடி வீட்டுப் பெரியவர் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டதால் அவரை அழைத்து வந்திருந்தோம். இது பெரியவருடைய வீடுதான் என்று அக்கம்பக்கத்தார் இருவர் வந்து சொன்ன பிறகே கடைக்காரர் பையைத் திறந்தார். வளைந்த கம்பியைச் சாவித் துவாரத்தின் அடியில் பொருத்தி, அதன் நுனியில் இடது கைச் சுட்டுவிரலைச் சும்மா சாய்த்து வைத்தார். அந்த விரலின் நகம் கடைசிவரை வெளிறவே இல்லை.

அவ்வளவு மெல்லிய அழுத்தம் ஏன் போதுமானது என்பது பூட்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டால் விளங்கும். அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர் 1860களில் காப்புரிமை பெற்ற, 'பின்' (pin) எனப்படும் சிறு உலோகக் குச்சிகள் கொண்ட பூட்டுதான் இன்றும் நம் கதவுகளில் பரவலாக இருக்கிறது. சுழலும் உருளையிலும் அதைச் சூழ்ந்த உடற்பகுதியிலும் நேருக்கு நேராக ஐந்து அல்லது ஆறு துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பின், மேலே ஒரு பின், அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழையும்போது பின்கள் இரண்டிரண்டாகச் சந்திக்கும் இடங்கள் அனைத்தும் உருளையின் விளிம்பில் வந்து நிற்பதால் உருளை தடையின்றிச் சுழல்கிறது. துளைகள் எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தால் சாவியில்லாமல் திறப்பது மிகவும் கடினமாகியிருக்கும். எந்த ஆலையிலும் அப்படித் துளையிட முடிவதில்லை. ஆகவே உருளையை லேசாக முறுக்கும்போது எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகுவதில்லை. ஏதோ ஒன்று முதலில் இறுகுகிறது. அதைத் தேடிப்பிடித்து உயர்த்தினால் உருளை மயிரிழை நகர்கிறது, பிறகு அடுத்தது இறுகுகிறது.

என் அக்கா மகன் பழகத் தொடங்கியபோது, கம்பி வளையும் அளவுக்கு முறுக்கிக்கொண்டு, எந்தப் பின்னும் அசையவில்லை என்றான். அத்தனை அழுத்தத்தில் எல்லாமே இறுகிவிடுவதால் எது முதலில் இறுகியது என்று ஊசிக்குத் தெரிய வழியில்லை. முறுக்கைத் தளர்த்தச் சொன்னேன். ஸ்பிரிங்போல் துள்ளுவது இன்னும் இறுகாத பின், கெட்டியாக நிற்பது இறுகிய பின், மேலும் கீழும் சற்றே ஆடி நிற்பது ஏற்கெனவே சரியான உயரத்தில் அமர்ந்த பின் என்று அரை மணி நேரத்துக்குள் அவனே பிரித்துச் சொன்னான். முறுக்கை முழுவதும் விட்டுவிடும்போது அமர்ந்திருந்த பின்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழும் டிக், டிக் ஓசையை எண்ணினால், எத்தனை அமர்ந்திருந்தன என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு பின்னை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழற்றிய பூட்டில் தொடங்குவதே நல்லது. ரம்பம்போல் பல்லுள்ள கருவியை உள்ளே விட்டுத் தேய்த்துத் திறப்பவர்களுக்குப் பூட்டு திறக்கும், ஆனால் கை எதையும் கற்றுக்கொள்ளாது. சொந்தப் பூட்டைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. சொந்தமே ஆனாலும் வாசற்கதவில் புழக்கத்தில் இருக்கும் பூட்டில் பழகக் கூடாது, ஏனெனில் பின் சிக்கிக்கொண்டால் அன்றிரவு வீடே திறக்காது. இன்னொன்று, பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது தூசியோடு சேர்ந்து பிசுக்காகிப் பின்களை ஒட்டிவிடும். கிராஃபைட் பொடியே போதும்.

*

மேலே நண்பர் பின் பூட்டைப் பற்றி விரிவாக எழுதிவிட்டதால், லிவர் பூட்டில் எனக்கு வாய்த்த அனுபவத்தைச் சொல்கிறேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இந்த வகையைச் சேர்ந்தது. எங்கள் தாத்தா வீட்டு நெற்குதிரில் தொங்கிய அத்தகைய பூட்டு ஒன்றை, சாவி தொலைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய அனுமதியோடு எடுத்துவந்து பழகினேன். இதில் பின்களுக்குப் பதிலாக அடுக்கடுக்கான தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் அதிலுள்ள வெட்டு, தாழின் முளைக்கு வழிவிடும். குறைவாகத் தூக்கினாலும் வழியில்லை, கூடுதலாகத் தூக்கினாலும் வழியில்லை.

கூடுதலாகத் தூக்குவதையே காவலாக மாற்றியவர் இங்கிலாந்தின் ஜெரமையா சப். அவர் 1818இல் காப்புரிமை பெற்ற பூட்டில் ஏதேனும் ஒரு தகடு அளவுக்கு மேல் உயர்ந்தால் பூட்டு இறுகிக்கொண்டு, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரியவருக்குக் காட்டிக்கொடுக்கும். 1851ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியை ஒட்டி, ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அந்த வகைப் பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். அதே ஆண்டு அவர், இங்கிலாந்தின் ஜோசப் பிராமா உருவாக்கிய பிராமா பூட்டைத் திறப்பதற்குப் பல நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் ஆயிற்று. பழகுகிறவர்கள் அவருடைய வேகத்தைவிட அந்த 51 மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பழைய இரும்புக் கடையில் லிவர் பூட்டு வாங்குபவர்கள் முதலில் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவை நீக்கிவிடுங்கள். துருவில் ஒட்டிய தகடும் முறுக்கில் இறுகிய தகடும் கம்பி முனைக்கு ஒன்றுபோலவே தெரியும்.