பந்திக்கு முந்தின ராத்திரி

திருவிழாச் சாப்பாடு என்று பேச்சு வந்தாலே எல்லோரும் ருசியைச் சொல்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதற்கு முந்தின ராத்திரிதான். வடலூர் தைப்பூசத்துக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் போடும் அன்னதானத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். பொங்கல் முடிந்த கையோடு பெரியப்பா சாக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். வீட்டுக்கு ஒரு படி அரிசி. முடியாதவர்கள் அரைப்படி, அதுவும் முடியாதவர்கள் கூரையில் காய்த்த பூசணியில் ஒன்று. அரிசி, பருப்பு, புளி, விறகு, அண்டா, கீற்று எல்லாம் டிராக்டரில் ஏறியபிறகு அதன் மேல் நாங்கள் ஏறுவோம். அங்கே போய்ச் சேர்ந்தால் எங்களைப் போலவே ஊர் ஊராய் வந்து மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

இறங்கியதும் பெரியப்பா எங்களை, பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலைக்குக் கூட்டிப்போய் அந்த அணையா அடுப்பைக் கும்பிடச் சொல்வார். 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம். 1867 மே 23 அன்று வள்ளலார் இந்தத் தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய நெருப்பு, இன்றுவரை சோறு பொங்கிக்கொண்டிருக்கிறது. "நாம செய்யிறது ரெண்டு நாள் வேலைடா, இங்க தினமும் நடக்குது" என்பார்.

அப்புறம் எங்கள் பந்தல். மண்ணைத் தோண்டிக் கோட்டை அடுப்பு வெட்டுவது, பாத்திரத்தின் அடிப்புறம் கரி பிடிக்காமல் சேறு பூசுவது, இதெல்லாம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். இருட்டியதும் காய் நறுக்க உட்காருவோம். நடுவில் பூசணியும் கத்தரியும் வாழைக்காயும் மலையாய்க் கிடக்கும். சுற்றிலும் பெண்கள் அரிவாள்மனையோடு, நாங்கள் கத்தியோடு. போகிற வருகிற ஆட்கள் நின்று பார்ப்பார்கள், ஒருவர் வந்து உட்காருவார், இன்னொருவர் உட்காருவார். எந்த ஊர், என்ன பேர் என்று கேட்கும் வழக்கமே கிடையாது. "ஐயா, பெருசா நறுக்காதீங்க, வேகாது" என்பதுதான் அறிமுகம். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா விடிய விடிய எங்களோடு இருந்து வாழைக்காய் சீவினார். விரலெல்லாம் கறுத்துப்போய், காலையில் எங்கள் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் யார் என்று இன்றைக்கும் தெரியாது.

பெரியப்பாவுக்கு அந்த ராத்திரி முழுக்கக் கவலை அரிசியைப் பற்றித்தான். தை மாதம் அறுவடைக் காலம், பாதிப்பேர் ஆசையாய்ப் புது அரிசியைக் கொடுத்திருப்பார்கள். புது அரிசி சட்டென்று குழைந்துவிடும். அதைப் பழைய அரிசியோடு கலக்கவே விடமாட்டார், தனி அண்டாவில்தான் போடுவார். கொதி வந்ததும் துடுப்பில் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் உடனே வடித்தாக வேண்டும். இரண்டு பேர் அண்டாவைச் சாய்க்க, ஒருவர் கூடையைப் பிடிக்க, ஆவியில் முகமே தெரியாது. வடித்த சோற்றைப் பாயில் விரித்த வெள்ளைத் துணியில் கொட்டி, மேலே சாக்கைப் போட்டு மூடுவார். மீதி வேக்காடு அதற்குள் நடந்துவிடும்.

காலை ஆறு மணிக்கு முதல் ஜோதி தரிசனம். வள்ளலார் கட்டிய சத்திய ஞான சபையில் ஜோதியை மறைக்கும் ஏழு திரையும் விலகும்போது கூட்டத்தின் குரல் எங்கள் பந்தல்வரை கேட்கும். அந்த நேரம்தான் முதல் உலை வடிக்கும் நேரமும். பெரியப்பா துடுப்பைக் கீழே வைக்காமல் சபை இருக்கும் திசையைப் பார்த்து அப்படியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு அண்டா பக்கம் திரும்பிவிடுவார். அத்தனை வருஷம் போயும் அவர் காலை ஜோதியைப் பார்த்தது அபூர்வம். "அதான் பகல் ஒரு மணிக்கும் இருக்கே" என்பார். ஒரு மணிக்குப் பந்தி உச்சத்தில் இருக்கும்! அவருடைய பக்தி அந்த அடுப்படியிலேயே இருந்தது என்று எனக்குத் தோன்றும். இதைவிடப் பெரிய வழிபாட்டை நான் பார்த்ததில்லை.

உங்கள் ஊரில் இந்த முந்தின ராத்திரி எப்படி இருக்கும்? எழுதுங்களேன்.

* * *

அண்ணாச்சி, படிக்கும்போதே புகை வாசம் வந்துவிட்டது. நான் திருநெல்வேலிப் பக்கம், எங்கள் கோயில் அசனத்தை, அதாவது ஊர் கூடிச் சாப்பிடும் விருந்தைச் சொல்கிறேன். (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) கோயிலைப் பிரதிஷ்டை செய்த நாளை வருஷாவருஷம் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாள் அசனம். மும்பையில் இருப்பவர்கள்கூட கிறிஸ்மஸுக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள்.

எங்களுக்கும் கத்தரிக்காய்தான் மலை. ஆச்சிமார் நறுக்குகிற வேகத்துக்குப் பாட்டும் சேர்ந்துகொள்ளும். யாராவது ஒரு கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தால் போதும், தேங்காய் துருவுகிற பக்கமிருந்து அடுத்த அடி வரும். காலையில் போதகர் ஐயா வந்து அடுப்பங்கரையில் ஜெபம் பண்ணியபிறகுதான் முதல் கரண்டி. சோறு அள்ளிக்கொண்டு வருவது பனையோலைப் பெட்டியில். சுடுசோற்றில் ஓலை வாசம் ஏறியிருக்கும், அது வேறு எந்தப் பாத்திரத்திலும் வராது. ஊரில் எல்லாத் தெருக்காரர்களும் வருவார்கள், இந்து வீடுகளிலிருந்து காய்கறியும் வரும். வர முடியாத முதியவர்களுக்குத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவோம். சிறு வயதில் அது என் வேலை. கட்டிலில் படுத்திருக்கிற ஒரு தாத்தா மூடியைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த வருஷம் பெருங்காயம் கூட" என்று சரியாய்ச் சொல்லிவிடுவார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும், நானே சமைத்த மாதிரி.

இப்போது பல ஊர்களில் சமையல் காண்டிராக்டரிடம் போய்விட்டது. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ராத்திரி போய்விட்டதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

* * *

எனக்கு ரம்ஜான் மாதத்துப் பள்ளிவாசல் கஞ்சி. ஒரு நாள் விழா இல்லை, மாதம் முழுக்க. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், கடைசியில் தேங்காய்ப்பால். லுஹர் என்கிற நண்பகல் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டுவார்கள். அடி பிடித்தால் முழு தேக்சாவும் தீய்ந்த வாசம் வந்துவிடும், அதனால் கிண்டுகிற கை நிற்கவே கூடாது. நோன்பு வைத்த வயிற்றோடு, அந்தச் சூட்டில் நின்று அத்தா கிண்டுவார். உப்பு சரியா என்று ருசி பார்க்கவும் மாட்டார், கை அளவுதான். அஸர் என்கிற மாலைத் தொழுகைக்குப் பிறகு வரிசையில் நிற்கிற தூக்குகளில் பாதி நோன்பு வைக்காத வீடுகளுடையது. அத்தா அவற்றைத்தான் முதலில் நிரப்புவார்.

* * *

வடலூரைப் பற்றி முதலில் எழுதியவன்தான். பெருங்காயத் தாத்தாவைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன், "நம்ம பந்தலுக்கு வரச் சொல்லு" என்றார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, பருக்கை நசுக்குவது மட்டும் இன்னும் அவர்தான். தைப்பூசத்துக்கு வடலூர் வருகிறவர்கள் முந்தின நாளே வந்துவிடுங்கள். எந்தப் பந்தலிலும் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வரும்போது ஒரு கத்தி கொண்டுவாருங்கள். அங்கே காயும் உண்டு, ஆளும் உண்டு, கத்திதான் எப்போதும் பற்றாது.