ஜூலை கடைசியில் நார்வே – ஸ்வால்பார்ட் கப்பல் பயணம்: விசா, கேபின், சாப்பாடு

கிழக்குக்கரை:
வணக்கம். நானும் மனைவியும் போகிறோம். வயது 58, 54. இந்திய பாஸ்போர்ட், சென்னையிலிருந்து விண்ணப்பம். பெரிய கப்பல், 15 இரவு. ஜூலை 20 ஹாம்பர்க்கில் ஏறி, 22 கெய்ராங்கர், 24 ட்ரொம்சோ, 26-27 ஸ்வால்பார்ட் தீவுகளில் லாங்இயர்பியன், 29 மாலை ஹொனிங்ஸ்வோக், பிறகு பெர்கன், ஆகஸ்ட் 4 மறுபடி ஹாம்பர்க். கேள்விகள்: ஜெர்மனி விசாவா, நார்வே விசாவா? பால்கனி கேபினுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணா? மனைவி சுத்த சைவம், முட்டையும் கிடையாது, சமாளிக்க முடியுமா? நள்ளிரவிலும் மறையாத சூரியனை (நள்ளிரவுச் சூரியன்) பார்க்கத்தான் முக்கியமாகப் போகிறோம்.

முத்திரை_குத்து:
விசாவை மட்டும் நான் சொல்கிறேன். அதிக நாள் நார்வேயில்தான், எனவே நார்வேக்கே விண்ணப்பியுங்கள். ஹாம்பர்க்கில் முதலில் இறங்குவதால் ஜெர்மனி என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள். எந்த நாடு முக்கியம் என்று பிரித்துச் சொல்ல முடியாதபோதுதான் முதல் நுழைவு நாடு கணக்கில் வரும்.

பலர் மாட்டிக்கொள்வது இதில் இல்லை. ஸ்வால்பார்ட் நார்வேயைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லைக்கு வெளியே. அங்கே இறங்க விசாவே வேண்டாம். ஆனால் ட்ரொம்சோவிலிருந்து லாங்இயர்பியன் போகும்போது நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர். ஹொனிங்ஸ்வோக்கில் திரும்ப நுழைபவர். ஆக ஹாம்பர்க் ஒன்று, ஹொனிங்ஸ்வோக் ஒன்று, குறைந்தது இரண்டு நுழைவு. ஒரே நுழைவு விசா ஒட்டிக் கொடுத்துவிட்டால் ஹாம்பர்க் செக்-இன்னிலேயே தடுத்துவிட வாய்ப்பு அதிகம். படிவத்தில் 'மல்டிபிள்' என்று குறியுங்கள். கவர் லெட்டரில் லாங்இயர்பியன் தேதியைத் தனி வரியாகப் போட்டு, கப்பல் கம்பெனி தரும் துறைமுக அட்டவணையை இணையுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே ஸ்டிக்கரில் எத்தனை நுழைவு என்று பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் 30,000 யூரோ என்பது ஷெங்கன் கேட்கும் குறைந்தபட்சம். 'ஷெங்கன் நாடுகள்' என்று மட்டும் எழுதிய பாலிசி ஸ்வால்பார்டில் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். லாங்இயர்பியனில் இருப்பது சின்ன மருத்துவமனை. பெரிய பிரச்சினை என்றால் விமானத்தில் ட்ரொம்சோதான். அந்தச் செலவும், கப்பல் டாக்டர் பில்லும் பாலிசியில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது, மார்ச்சிலேயே பாருங்கள்.

நங்கூரம்:
நள்ளிரவுச் சூரியன் முக்கியம் என்கிறீர்கள், ஆனால் தேதி கொஞ்சம் பிந்திவிட்டது. ட்ரொம்சோவில் அது ஜூலை 22-ஐ ஒட்டி முடிகிறது. நீங்கள் 24 போகிறீர்கள். ஹொனிங்ஸ்வோக் பக்கத்துக் கடல்முனையான நூர்காப்பில் 29-ஐ ஒட்டி முடியும், நீங்கள் அங்கே போவது அதே நாள். இருட்டாகாது, ஆனால் சூரியன் கடல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும் படம் நிச்சயமில்லை. லாங்இயர்பியனில் ஆகஸ்ட் 20 தாண்டியும் சூரியன் மறைவதில்லை. எனவே 26 இரவு தூங்காமல் மேல்தளத்துக்குப் போங்கள். இன்னும் பணம் கட்டவில்லை என்றால் ஜூன் கடைசிப் புறப்பாட்டுக்கு மாற்றுவதே என் யோசனை.

கேபினுக்கு வருவோம். பால்கனி வேண்டாம். கெய்ராங்கர் ஃபியோர்ட் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல்) இரு பக்கமும் அழகு. ஒரு பக்கம் பால்கனியில் உட்கார்ந்தால் பாதிதான் தெரியும். ஃபியோர்டுக்குள் கப்பல் விடிகாலையில் நுழையும், அந்த ஒன்றரை மணி நேரம் முன்பக்கத் திறந்த தளத்தில் நிற்பதுதான் சரி. லாங்இயர்பியனில் ஜூலையிலேயே 6-7 டிகிரிதான், பால்கனியில் யார் உட்காரப் போகிறார்கள்? உள்பக்கக் கேபின் நடுராத்திரியிலும் கும்மிருட்டு, தூக்கம் நன்றாக வரும். மிச்சப் பணத்தைக் கரைச் சுற்றுலாவில் போடுங்கள். கப்பலின் நடுவில், கீழ்த் தளமாக எடுங்கள். ட்ரொம்சோவுக்கும் ஸ்வால்பார்டுக்கும் நடுவே மறைப்பே இல்லாத கடல், அங்கேதான் ஆட்டம். அவோமின் மாதிரி வாந்தித் தடுப்பு மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. தூக்கம் வரும், சர்க்கரை, பி.பி. மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பழைய பிரசுரங்களில் ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் உள்ள மக்டலேனா ஃபியோர்ட் படம் இருந்தால் நம்பாதீர்கள். 2025 ஜனவரி முதல் ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் போக முடியாது. பனிக்கரடி, வால்ரஸ் பார்க்க ஆசை என்றால் அது சின்ன எக்ஸ்பெடிஷன் கப்பல் விஷயம், விலையும் வேறு.

லாங்இயர்பியனில் ஊருக்குள் தாராளமாக நடக்கலாம். ஊர் எல்லையில் கரடிப் படம் போட்ட பலகை இருக்கும். அதைத் தாண்டத் துப்பாக்கியுள்ள வழிகாட்டி வேண்டும். அதைவிட நிஜமான தொல்லை ஆலாப் பறவை. ஜூலையில் சாலையோரத் தரையிலேயே குஞ்சு வைத்திருக்கும், பக்கத்தில் போனால் நேராக மண்டையைக் கொத்த வரும். அது உயரமான பொருளைத்தான் தாக்கும் என்பதால் ஒரு குச்சியையோ மடக்கிய குடையையோ தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கடந்துவிடுங்கள். அருங்காட்சியகத்தில் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள், ஓட்டையில்லாத சாக்ஸ் போட்டுப் போங்கள்.

தயிர்சாதம்:
பால்கனி வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 15 இரவு ஜன்னலே இல்லாத அறை சிலருக்கு மூச்சு முட்டும். குறைந்தது ஜன்னல் கேபின் எடுங்கள். திரையில் வெளிச்சம் கசிந்தால் நாலு துணி கிளிப் போதும்.

சாப்பாடு: புக் செய்யும்போதே 'இந்திய சைவம், முட்டை, மீன், இறைச்சிச் சாறு கூடாது' என்று எழுத்தில் கொடுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் பாஸ்தாவும் சீஸும் வந்துகொண்டே இருக்கும். சூப் கோழிச் சாறில் செய்ததாக இருக்கலாம். முதல் நாள் மாலையே உணவகத் தலைமைப் பணியாளரைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான பெரிய கப்பல்களில் இந்தியச் சமையல்காரர்கள் உண்டு. இன்று இரவே நாளைய மெனுவைச் சொல்லிவிட்டால் பருப்பும் காயும் செய்து தருவார்கள். அன்றன்றைக்குக் கேட்டால் கிடைக்காது. காலை பஃபேயில் இனிப்பில்லாத கெட்டித் தயிர் இருக்கும். வெறும் சாதம் கேட்டால் மதியம், இரவு இரண்டு வேளையும் தருவார்கள். மிச்சத்துக்கு ஊறுகாயும் பருப்புப்பொடியும் போதும்.

எலெக்ட்ரிக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் எடுத்துப் போகாதீர்கள். ஏறும்போது ஸ்கேனரில் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள், கடைசி நாள்தான் திரும்பும். வெந்நீர் பஃபேயில் எந்நேரமும் கிடைக்கும், கப் உப்புமாவுக்கு அது போதும். நெய், பால்கோவா, பால்பவுடர் வீட்டிலேயே இருக்கட்டும்: வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுவர ஐரோப்பாவில் தடை, நார்வேயிலும் அப்படியே.

கிழக்குக்கரை:
மிக்க நன்றி. ஜூன் புறப்பாட்டுக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். ஒன்றே ஒன்று: நூர்காப்புக்குக் கப்பல் டூர் விலை அதிகமாக இருக்கிறது. உள்ளூர் பஸ்ஸில் நாங்களே போய் வரலாமா?

நங்கூரம்:
கெய்ராங்கர், பெர்கனில் தாராளமாகச் சொந்தமாகச் சுற்றுங்கள். கெய்ராங்கரில் அருவியை ஒட்டி 327 படி ஏறும் நடைபாதை இருக்கிறது, காசே இல்லை. ட்ரொம்சோவில் பெரிய கப்பல் பெரும்பாலும் ப்ரெய்விகா துறைமுகத்தில் நிற்கும், ஊர் மையம் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். ஷட்டில் எடுத்துப் போய் கேபிள் காருக்கு முதல் ஆளாக நில்லுங்கள், 421 மீட்டர் உயரத்தில் ஏற்றி விடும்.

நூர்காப்புக்கு மட்டும் கப்பல் டூரே எடுங்கள். ஹொனிங்ஸ்வோக்கிலிருந்து ஒரு வழி 34 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், நடுவே கலைமான் ரோட்டில் நின்றால் அதற்கு மேல். உள்ளூர் பஸ் நாளைக்குச் சில நடைதான். கடைசி பஸ்ஸை விட்டால் கப்பல் உங்களுக்காக நிற்காது. கப்பல் டூர் பஸ் தாமதமானால் நிற்கும். காற்று பலமாக இருந்து கப்பல் துறைமுகத்தையே தவிர்த்துவிட்டால் கப்பல் டூர் பணம் திரும்ப வரும், வெளி ஆளிடம் புக் செய்தது வருமா என்பது அவர்கள் நிபந்தனையைப் பொறுத்தது. மூடுபனி பிடித்தால் நூர்காப்பின் 307 மீட்டர் செங்குத்துப் பாறையும் அதன் மேல் நிற்கும் இரும்பு உலகுருண்டையும் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம், அதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். காற்று குடையைத் திருப்பிவிடும், தொப்பி வைத்த காற்றுத்தடுப்பு ஜாக்கெட்தான் வேண்டும்.

போனை ஏறியவுடன் ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக்கில் அது அடங்காது, பில் தனியாக வரும்.