மகாலேயில் சிம்பன்சி பார்க்க யாராவது போயிருக்கிறீர்களா?

வேளச்சேரிவாசி:
தான்சானியாவில் டாங்கனிக்கா ஏரிக்கரையில் இருக்கும் மகாலே பூங்காவுக்கு ஆகஸ்டில் அம்மாவோடு போக ரொம்ப நாள் ஆசை. அம்மாவுக்கு 61 வயது, நன்றாக நடப்பார். கிளம்பும் முன் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

அடையாறு_பயணி:
நல்ல மாதம்தான். வறண்ட காலத்தில் சிம்பன்சிகள் மலையின் கீழ்ச்சரிவுக்கு இறங்கி வரும், மழைக்காலத்தில் போனால் மேலே ஏறித் தேட வேண்டும், அம்மாவுக்கு அது கஷ்டம். பூங்காவுக்குள் சாலையே கிடையாது. ஏரிக்கரை ஊரான கிகோமாவிலிருந்து படகு, இல்லையென்றால் சின்ன விமானம், அப்புறம் எல்லாம் நடைதான். சிம்பன்சிகளோடு இருக்க ஒரு மணி நேரம்தான் விடுவார்கள். முகக்கவசம் கட்டாயம், நம்முடைய சாதாரண சளியே அவற்றைக் கொன்றுவிடக்கூடும், தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம். நான் பார்த்த ஒரு தாய், குட்டியின் காதுமடலை விரலால் மெல்ல மடக்கிப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவை எடுக்கவே தோன்றவில்லை.

கிண்டி_மாமி:
மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறக்காதீங்க, இங்கே சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலேயே போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் கேட்கலாம். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் பக்கவிளைவு கொஞ்சம் அதிகம், அதனால் முதலில் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

வேளச்சேரிவாசி:
அது தெரியாமல் இருந்தேன், நன்றி மாமி. நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அடையாறு_பயணி:
கிகோமா வரை போனால் கோம்பேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1960இல் ஜேன் குடால் என்ற ஆய்வாளர் சிம்பன்சி ஆய்வைத் தொடங்கிய காடு அது.